எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது?

கடந்த சனிக்கிழமை, வெள்ளவத்தையில் உளவளத்துணையாளர்களுக்கென நடைபெற்ற அரைநாள் தொடர்கல்வி உரைக்குச் சென்றிருந்தேன். பேசுபொருள், நீடித்த துயரக் கோளாறு; அதாவது, நெருங்கியவரின் மரணத்தின் பின் தணியாது நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும் துயரம். இத்தகைய உரைகளுக்குச் சான்றிதழுக்காகவே வருவோர் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படிச் சென்றவள்தான். ஆயினும், கற்றதைக் கைவிடவும் கற்கவேண்டிய தொழில் இது. பேரிடருக்கு உள்ளானவரை உடனேயே அமர்த்தி, நடந்தது முழுவதையும் ஒரே அமர்வில் சொல்லவைப்பது நன்மை தரும் என்று பலர் நம்பியிருந்தனர். அது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை என பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2002 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டியது. அச்செய்தி எட்டாத சிலர், 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் இங்கு அதையே செய்தனர்.

உரைக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11, இக்கோளாறெனக் கணிப்பதற்கு இழப்பின் பின் குறைந்தது 6 மாதங்கள் கடந்திருக்க வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் வெளியான, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடான டி.எஸ்.எம்.-5-டி.ஆர். வளர்ந்தவர்களுக்கு 12 மாதங்கள் என்கிறது. துயரம் ஒருவரின் பண்பாட்டுக்கும் சமயத்துக்கும் இயல்பான அளவை மீறியிருக்க வேண்டும் என்பதை இரண்டுமே வலியுறுத்துகின்றன. ஆங்கிலத்தில் அமைந்த உரையில் இது ஒரே வரியில் கடந்துபோயிற்று. தேநீர் இடைவேளையில்தான் அதைத் தமிழில் பேசினோம்: 31 ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், அதுவரை தீபாவளியும் பொங்கலும் கொண்டாடாத வீடு. ஓராண்டு கோயில் திருவிழாவுக்குப் போகாதிருக்கும் பெண்ணின் விலகலை அறிகுறியாகக் குறித்துக்கொள்ளும் இளம் உளவளத்துணையாளரை யார் திருத்துவது?

இடைவேளை முடிந்ததும், மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த மூத்த உளவளத்துணையாளர் ஒருவர் எழுந்தார். "சேர், பிள்ளை செத்திட்டான் எண்டு ஒத்துக்கொள்ளாத தாய்க்கு எந்தத் திகதியிலிருந்து எண்ணுறது?"

மண்டபம் அமைதியாயிற்று. இரு வரையறைகளும் மரணம் நிகழ்ந்துவிட்டதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றன. காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய்க்கு அந்தத் தொடக்கமே கிடையாது. அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளரும் ஆய்வாளருமான போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு, கோளாறு அந்த மனிதரிடம் அன்று, அவர் சிக்கியுள்ள நிலைமையிலேயே உள்ளது என்று விளக்கினார். நான் சந்திக்கும் தாய் ஒருவருக்கு (விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்) உறவினர்கள் திவசம் செய்யச் சொல்கிறார்கள். அதைச் செய்தால் தன் கையாலேயே மகனைக் கொன்றதாகிவிடும் என்கிறார் அவர். துயரத்தை முடித்துவைக்கும் இலக்கோடு அவரை அணுகினால், நானும் அந்த உறவினர்களில் ஒருத்தியாகிவிடுவேன். காத்திருப்பையும் அன்றாட வாழ்வையும் அவர் ஒருசேரச் சுமக்கத் துணைநிற்பதே என்னால் இயன்றது.

உரையாளர், இக்கேள்விக்குத் தம்மிடம் ஆயத்தமான விடை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்று நான் மிகவும் மதித்த தருணம் அதுதான். நிறைவில் தரப்பட்ட மதிப்பீட்டுத் தாளில் அடுத்த உரைக்கான தலைப்பைக் கேட்டிருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு பணியாற்றுதல் என்றும், முழுவதும் தமிழில் என்றும் எழுதிக் கொடுத்தேன்.