மீட்டுக் கொடுத்த வண்டிக்காகவே கைதானேன்

புதுச்சேரியில் களவுபோன என் மோட்டார் சைக்கிளை, சில மாதங்களுக்குப் பின் வேறொரு வழக்கில் பிடிபட்டவர்களிடமிருந்து கடலூர் மாவட்டக் காவலர்கள் கைப்பற்றினார்கள். திருட்டுப் புகார் புதுச்சேரிக் காவல்துறையிடம், பறிமுதல் தமிழகக் காவல்துறையிடம். எனக்கு நேர்ந்த அத்தனைக்கும் வேர் இந்த இடைவெளிதான்.

வண்டியைத் திரும்பப் பெறுவது கடினமாக இல்லை. ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு வழக்கறிஞர் மூலம் வழக்கு முடியும்வரை வண்டியை என் பொறுப்பில் விடக் கோரும் இடைக்காலப் பொறுப்பு மனுவைக் கடலூர் நீதிமன்றத்தில் போட்டேன். அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு. கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையங்களில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியிருப்பதால், விற்கக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் வண்டி கிடைத்தது. ஆனால் அது மீட்கப்பட்ட செய்தி புகார் பதிவான நிலையத்துக்குப் போகவே இல்லை. அங்குள்ள பதிவேட்டில் அது களவுபோன வண்டியாகவே நீடித்தது.

அடுத்த ஆண்டு முள்ளோடை எல்லையைக் கடந்தபோது வாகனச் சோதனையில் என்னை நிறுத்தினார்கள். கருவியில் எண்ணைத் தட்டியதும் திருட்டு வண்டி என்று வந்தது. புகார்தாரரும் நான், ஓட்டிவந்தவனும் நான் என்பதால், காப்பீட்டுப் பணத்துக்காகப் பொய்ப் புகார் கொடுத்தவன் என்று முடிவுகட்டி மோசடி வழக்கில் கைது செய்தார்கள். நான் காப்பீட்டுத் தொகை கேட்டதே இல்லை; அதை ஒரு தொலைபேசி அழைப்பில் உறுதிசெய்திருக்கலாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது செய்யாமல், புதிய சட்டத்தின் 35(3)ஆம் பிரிவின் கீழ் அறிவிப்புக் கொடுத்தே விசாரிக்கலாம், அதுவும் நடக்கவில்லை. கைப்பேசியில் காட்டிய நீதிமன்ற உத்தரவை யாரும் படிக்க முன்வரவில்லை. அன்றிரவு முழுவதும் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் என் மனைவி உத்தரவின் சான்றிட்ட நகலைக் கொண்டுவந்தார். காவலில் உள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருப்பதால், நீதிமன்றத்தில் எனக்காக ஒரு வழக்கறிஞர் நின்றார். நடுவர் நகலைப் படித்துவிட்டுச் சொந்தப் பிணையில் விட்டார். வழக்கும் பின்னர் முடித்துவைக்கப்பட்டது.

அதன் பிறகும் பதிவேட்டில் வண்டி களவுபோனதாகவே இருந்தது. பறிமுதல் செய்த நிலையத்திலிருந்து மீட்புக் கடிதம், நீதிமன்ற உத்தரவின் நகல், முதல் தகவல் அறிக்கையின் நகல் மூன்றையும் இணைத்து, புகார் பதிவான நிலையத்துக்கும் அதன் மேலதிகாரிக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகே பதிவு மாறியது. அரசின் இரு அலுவலகங்கள் தமக்குள் அனுப்பியிருக்க வேண்டிய கடிதத்தைக் குடிமகன் சுமந்து அலைய வேண்டியதில்லை. வண்டி மீட்கப்பட்டவர்கள், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் தங்கள் எண் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே சாலையில் இறங்குங்கள்.

காரணமின்றிக் கைதானவருக்குப் புதிய சட்டத்தின் 399ஆம் பிரிவில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச இழப்பீடு ஆயிரம் ரூபாய். அதை நான் ஏற்கவில்லை. சட்டவிரோதக் காவலுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 1983ஆம் ஆண்டு ருதுல் சா தீர்ப்பை முன்வைத்து ரிட் மனு தாக்கல் செய்திருக்கிறேன். தமிழகம், புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றே என்பதால், இரு அரசுகளையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க முடிந்தது.