என்.எல்.பி. பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு

உளவள ஆலோசகராக இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. என்.எல்.பி. என்பது 'நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்' என்பதன் சுருக்கம்; பேச்சையும் எண்ணத்தையும் மாற்றி நடத்தையை மாற்றலாம் என்று சொல்லும் ஒரு பயிற்சி முறை. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடையில் பேசத் தயக்கம், சக ஊழியர்களோடு பேச்சு சரியாக அமையவில்லை என்பது போன்ற குறைகளுக்காக ஒரு நல்ல பயிற்சியாளரிடம் போய் உட்கார்ந்தால் உற்சாகம் கிடைக்கும். உருப்படியான சில பழக்கங்களும் படியலாம். ஆனால் அச்சநோய், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தீர்க்கும் முறை என்று நம்பிப் போகவேண்டாம்.

இந்த முறை தோன்றிய விதத்தில் எனக்கு மரியாதை உண்டு. 1970களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மாணவராக இருந்த ரிச்சர்ட் பாண்ட்லரும் மொழியியல் பேராசிரியர் ஜான் கிரிண்டரும் ஒரு நல்ல கேள்வியைக் கையில் எடுத்தார்கள். சில சிகிச்சையாளர்களிடம் போனால் மட்டும் மனிதர்கள் மாறுகிறார்களே, அந்தச் சிகிச்சையாளர்கள் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? பிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சட்டீர், மில்டன் எரிக்சன் ஆகியோரின் பேச்சைச் சொல் சொல்லாகக் கவனித்தார்கள். "என்னால் எதுவுமே முடியாது" என்று ஒருவர் சொன்னால், "எதுவுமேயா? குறிப்பாக எது முடியவில்லை?" என்று திருப்பிக் கேட்பது அவர்கள் எடுத்துக்காட்டிய உத்திகளில் ஒன்று. நானும் தினமும் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் அதைக் கற்க என்.எல்.பி. வகுப்புக்குப் போகவேண்டியதில்லை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களிலேயே உருவாக்கத் தொடங்கிய அறிவாற்றல் சிகிச்சையிலும் (நம் எண்ணங்கள் சரிதானா என்று சோதித்து மாற்றும் முறை) இப்படிப்பட்ட கேள்விகள் உண்டு. அந்தச் சிகிச்சை பலமுறை சோதிக்கப்பட்டும் இருக்கிறது.

கவனித்ததோடு அவர்கள் நிற்கவில்லை என்பதில்தான் சிக்கல். ஒவ்வொருவருக்கும் பார்ப்பது, காதால் கேட்பது, தொட்டு உணர்வது என்று சிந்தனைக்கு விருப்பமான ஒரு வழி உண்டு, கண் போகும் திசையை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம் என்றார்கள். கிறிஸ்டோபர் ஷார்ப்லி 1984இலும் 1987இலும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். இந்தக் கருத்துக்கு ஆதரவு மிகக் குறைவாகவே கிடைத்தது. பொய் சொல்பவரின் கண் ஒரு பக்கம் போகும் என்று இன்றும் பல வகுப்புகளில் கற்பிக்கிறார்கள். ரிச்சர்ட் வைஸ்மனும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் அதை நேராகச் சோதித்தார்கள். பொய் சொன்னவர்களின் கண்ணசைவுக்கும் உண்மை சொன்னவர்களின் கண்ணசைவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த விதியை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தும் பார்வையாளர்களால் பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சிகிச்சையாகப் பலன் உண்டு என்று 2015இல் பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஒரு தொகுப்பாய்வு வந்தது உண்மைதான். அதில் சேர்க்கப்பட்டவை 12 ஆய்வுகள். நோயாளியை அனுப்பிவைக்க எனக்கு அது போதாது.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது வேறொன்று. என் சித்தி மகளுக்கு ஒரு விபத்துக்குப் பிறகு கார் ஓட்டுவதென்றாலே கை நடுங்கத் தொடங்கியது. ஒரு பயிற்சிக்குப் போனாள். அங்கே 'ஆங்கரிங்' கற்பித்தார்கள். வாழ்க்கையில் மிகவும் பெருமையாக உணர்ந்த ஒரு தருணத்தை நினைத்து, அந்த உணர்வு உச்சத்துக்கு வரும்போது கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து அழுத்தவேண்டும். பிறகு எப்போது அந்த விரல்களை அழுத்தினாலும் அதே தைரியம் வரும் என்றார்கள். கைதட்டலும் இசையும் நிறைந்த அந்த அரங்கில் அது வரவும் செய்தது. மேம்பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் ஒரு லாரி வந்தபோது வரவில்லை. பயிற்சியாளரை அழைத்துச் சொன்னாள். "உங்கள் ஆழ்மனம் மாறுவதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை" என்று பதில் வந்தது.

அந்த வாக்கியத்தை அவள் நம்பிவிட்டாள். பயத்தோடு, பயப்படுவது தன் குற்றம் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மாதக்கணக்கில் தன்னோடு தானே சண்டை போட்டாள். தோல்வி என்று ஒன்று இல்லை, பின்னூட்டம் மட்டுமே உண்டு என்பது என்.எல்.பி.யின் அடிப்படைக் கூற்றுகளில் ஒன்று. சொல்லும்போது இதமாக இருக்கிறது. நடைமுறையில், முறை பலிக்காதபோது முறையைக் கேள்வி கேட்க இடமே இல்லாமல் போய், பழி முழுவதும் வந்தவர் தலையில் விழுகிறது.

பிறகு ஒரு மருத்துவ உளவியலாளரிடம் போனாள். அவர் செய்தது படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை. முதலில் நிறுத்தியிருந்த காரில் வெறுமனே உட்காரவேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு உட்காரவேண்டும். பிறகு ஆளில்லாத தெரு. பயம் தானாகக் குறையும்வரை இறங்கக்கூடாது. இரண்டாம் படியிலேயே அவள் விரல்களை அழுத்திக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். அழுத்த வேண்டாம், கையைத் தளர்வாக ஸ்டீயரிங்கில் வையுங்கள் என்றார். நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான். விரலை அழுத்திக்கொண்டே தாண்டிவந்தால், விரல்தான் காப்பாற்றியது என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். ஒன்றும் அழுத்தாமல் உட்கார்ந்து, படபடப்பு ஏறி, உச்சிக்குப் போய், தானே இறங்குவதைப் பார்த்தால்தான் இது தாங்கக்கூடியது என்று உடம்பு கற்றுக்கொள்ளும்.

மேம்பாலம் அவளுக்கு மறுபடியும் முடியாமல் போனது. திரும்பிவந்து அழுதாள். "படியை நான் உயரமாக வைத்துவிட்டேன், நடுவில் இன்னொன்று போடுவோம்" என்றார் அவர். போக்குவரத்துக் குறைந்த அதிகாலை நேரத்தில் அதே பாலம், பக்கத்து இருக்கையில் தெரிந்தவர் ஒருவர் என்று ஒரு படி சேர்ந்தது. அதன் பிறகு தனியாக ஏறினாள். இப்போதும் லாரி பக்கத்தில் வந்தால் தோள் இறுகுகிறது, ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

ஆகவே என்.எல்.பி. பயிற்சிக்குப் போவதென்று முடிவெடுத்திருப்பவர்கள், சேருவதற்கு முன் பயிற்சியாளரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இது பலிக்காதவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? அவர்களை யாரிடம் அனுப்புகிறீர்கள்? சான்றிதழ்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; இத்துறைக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே தகுதி அளவுகோல் கிடையாது. தூக்கம் கெட்டு, வேலைக்குப் போக முடியாமல், உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றும் நிலையில் இருந்தால் பயிற்சி வகுப்பை ஒத்திவைத்துவிட்டு இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.