மாத்திரையை நிறுத்திப் பதினான்கு மாதம்

போன செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்எச் அளவு 1.8, இயல்பான அளவுதான். டாக்டர் பழைய அளவுகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் தாண்டிடுச்சு, இனி ரெமிஷன்னு சொல்லலாம்" என்றார். மருந்து இல்லாமலே நோய் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குப் போன் செய்தேன்.

தைராய்டு என்றாலே நம்மில் பலருக்கு உடம்பு போடுவதும், ஆயுசுக்கும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுவதும்தான் ஞாபகம் வரும். எனக்கு வந்தது அதற்கு நேரெதிர், கிரேவ்ஸ் நோய். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்கி தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருக்கும், அதுவும் அளவில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டும் நான்கு மாதத்தில் ஏழு கிலோ இறங்கினேன். சிங்கப்பூர் வெயிலில் எல்லாருக்கும்தானே வேர்க்கிறது என்று இருந்துவிட்டேன். கண்டுபிடித்தது என் மாமியார். ஈசூனில் எங்கள் வீட்டு வாசலில், காரிடாரில் வெள்ளிக்கிழமை கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், புள்ளியெல்லாம் சரியாக விழுகிறது, இழை மட்டும் நெளிகிறது. "கை ஏம்மா இப்படி நடுங்குது?" என்று கேட்டவர் அன்றைக்கே என்னைக் கிளப்பிக் கூட்டிப்போனார். பலதுறை மருந்தகத்து டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது.

தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை, ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். படபடப்புக்குக் கொஞ்ச நாள் புரோப்ரனலால். தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வந்து ரத்தம் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்கள். அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளையணுக்கள் திடீரென்று விழுந்துவிடுமாம், அது உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரை சாப்பிடுகிற யாரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மாதத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் நான் செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எட்டாம் மாதம், 5 மில்லிகிராமுக்குக் குறைத்திருந்தார்கள், உடம்பும் நன்றாக இருந்தது, தஞ்சாவூரில் ஒரு கல்யாணம், அங்கே போன இடத்தில் மாத்திரை தீர்ந்தது, வந்தும் வாங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்று மாதம் கழித்து லிட்டில் இந்தியா எம்ஆர்டி படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டேன், நெஞ்சு அப்படி அடித்தது. டாக்டர் திட்டவில்லை. "நீங்க நல்லா இருந்தது மாத்திரையால, நோய் போனதால இல்ல" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து, இந்தமுறை முழுசாகப் பதினெட்டு மாதம். நிறுத்துவதற்கு முன்னால் அந்த எதிர்ப்பொருளையே அளந்தார்கள். அது அதிகமாக இருக்கும்போது நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். எனக்கு இயல்பு அளவுக்கு வந்திருந்தது, அதனால்தான் நிறுத்தினோம். அப்படியும் உத்தரவாதம் கிடையாது, ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது, அதிலும் முதல் வருஷத்தில்தான் அதிகம். அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் தூக்கம் வராவிட்டாலும் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன்.

நடுவில் ஒருமுறை முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். நல்லவேளை, ரத்தம் எடுக்கப் போவதற்கு முன் நர்ஸ் கேட்டார். பயோட்டின் சில பரிசோதனைகளைக் குழப்பி, நோய் திரும்ப வந்த மாதிரியே முடிவைக் காட்டிவிடுமாம். அதை நிறுத்திவிட்டு அடுத்த வாரம் போனேன், எல்லாம் சரியாக இருந்தது.

கோஸ் சாப்பிடாதே, இந்தக் கஷாயம் குடி, மாத்திரையே வேண்டாம் என்று சொன்ன சொந்தக்காரர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் என்னை மாதிரி தானாக நிறுத்திவிட்டு மூச்சு வாங்கி நிற்கிறவர்களை மருந்தகத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். நிறுத்தலாம், நிறுத்த முடியும், நானே சாட்சி. ஆனால் ரத்தம் பார்த்து, டாக்டரோடு பேசி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் பரிசோதனையை விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு தேக்காவுக்குப் போயிருந்தேன். வெயிலே இல்லை, அவளுக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது. காய்கறிக்கடை ரசீதை எடுத்து, "கையை நீட்டுடி" என்றேன். ரசீது ஆடியது. நாளைக்குக் காலையில் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.