கரிசலில் கே 12: ஒரு சோளப் பருவத்தின் நாட்குறிப்பு

12.9.2023

விதை 12 கிலோ வந்து சேர்ந்தது. கே 12, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் 2015ல் வெளியிட்ட ரகம், 95 நாள் பயிர். இந்த வருஷம் தாமதமாக முற்றும் நாட்டு ரகமான இருங்குச் சோளத்தை விட்டுவிட்டு இரண்டு ஏக்கரிலும் இதுதான். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதக் கரைசலில் ஆறு மணி நேரம் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினேன். மழைக்கு முன்பே விதைப்பதால் விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்க வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டுமே.

பெரியப்பா ஒரு கை அள்ளிப் பார்த்தார். "தட்டை எப்படிலே வரும்?" முன்பு குட்டைக் கலப்பினச் சோளம் போட்டு, மாட்டுக்குத் தட்டையில்லாமல் திண்டாடியவர் அவர். இது ஆளுயரம் தாண்டும் என்றேன். "சரி, நீ போடு. எனக்கு இருங்கே போதும்."

9.10.2023

வரிசைக்கு வரிசை நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது. இழுத்தால் கையோடு வருகிறது, அடியில் அழுகல் வாடை. குருத்து ஈ. மழை ஒரே சீராக இல்லாததால் முளைப்பு முன்னே பின்னே ஆகிவிட்டது. பிந்தி முளைத்ததைத்தான் அது அதிகம் தாக்கியிருக்கிறது. பத்து இடத்தில் கருவாட்டுத் தூள் பொறி வைத்தேன். முதல் மாதம் தாண்டினால் பயமில்லை.

14.11.2023

பூட்டை, அதாவது சோளக்கதிர், வெளியே வருகிறது. இரண்டு நாள் மழை.

6.12.2023

விடியுமுன் தகரத்தோடு போகிறேன், இருட்டியபின் வருகிறேன். கிளியும் சிட்டும் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. மேற்கே தட்டினால் கிழக்கே உட்காருகின்றன. சுற்றிலும் எல்லோருடைய சோளமும் இன்னும் பச்சை. பால் பிடித்து முற்றுவது என் காடு ஒன்றுதான். ஊர்க்குருவி முழுக்க வேறெங்கே போகும்? குறுகிய கால ரகத்தைத் தனியாக ஒருவன் போட்டால் இதுதான் கதி. விதை கொடுத்தபோது இதை யாரும் சொல்லவில்லை. ஒரு ஊருக்கே சேர்த்துக் கொடுத்து ஒன்றாக விதைக்க வைத்திருந்தால் இந்தச் சேதம் எல்லோருக்கும் பங்காகியிருக்கும்.

16.12.2023

முந்தி முற்றிய கதிரில் ஒரு மணியைப் பிதுக்கிப் பார்த்தேன். அடியில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டது; முற்றிவிட்டது, இனி மணி பருக்காது. குருவிக்குப் பயந்து மேற்கு ஓரத்தில் மூன்று சாக்கு கதிர் அறுத்து, திண்ணை விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டோம். மீதிக்குப் புதன்கிழமை ஆள் சொல்லியிருக்கிறேன்.

19.12.2023

ஞாயிறு தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என்கிறார்கள். காட்டுக்குப் போகவே முடியவில்லை, கரிசல் முழங்கால் வரை இழுக்கிறது.

24.12.2023

கதிரெல்லாம் கறுத்துவிட்டது. நெருக்கமான கதிர், உள்ளே தண்ணீர் நின்று பூசணம் பிடித்து, சில மணிகள் கதிரிலேயே முளைவிட்டிருக்கின்றன. உடைத்தபோது வெள்ளை முளை விரலில் ஒட்டியது. அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனாள். பெரியப்பாவின் இருங்கு பாதி சாய்ந்தாலும் இன்னும் முற்றவில்லை என்பதால் மணி தப்பியது. முந்தி முற்றுவது வறட்சியில் காப்பாற்றும், அடைமழையில் கொன்றுவிடும். எங்கள் மண்ணில் இரண்டுமே வரும்.

3.1.2024

வியாபாரி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். "இது தீவனத்துக்குத்தான்." கலப்பினச் சோளத்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3180 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். அவர் சொன்ன விலை அதில் பாதிகூட இல்லை. கொடுத்துவிட்டேன். சிறுதானிய ஆண்டென்று போன வருஷம் முழுக்கக் கொண்டாடினார்கள். ஊருக்கு ஒரு உலர்களமாவது அதில் வந்திருக்கலாம்.

தட்டை மட்டும் நிறைய. படப்பு போட்டாயிற்று.

11.1.2024

ஈரச்சாக்கில் நூறு நூறு மணி வைத்து மூடியிருந்தேன். காட்டில் நனைந்ததில் முளைத்தது 31. விட்டத்தில் தொங்கியதில் 88. கலப்பினம் இல்லை, ரகம்தான். அதனால் இதையே விதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒருமுறை எண்ணினார். 88தான். "எனக்கும் ஆறு கிலோ எடுத்து வை. ஒரே நாள்ல விதைப்போம்லே, குருவி ரெண்டு காட்டுக்கும் பிரியட்டும்" என்றார்.