உசார் வந்தா வெளிக்கிடுறது

யூன் 8, ஞாயிறு

நேரசூசி எழுதின கொப்பியை இண்டைக்கு அலுமாரிக்கு மேல தூக்கிப் போட்டிட்டன். 5 மணிக்கு எழும்பு, 6 இலிருந்து 8 வரைக்கும் வெட்டு, 9 இலிருந்து தையல், பின்னேரம் கொக்கி கட்டு எண்டு ஒண்டரை வருசமா எழுதி எழுதி ஒருநாள் கூட ஒழுங்கா நடக்கேல்ல, நடக்காத ஒவ்வொரு நாளும் என்னை நானே பேசினதுதான் மிச்சம்.

காரணம் நேற்று நடந்த விசயம். கலியாணவீட்டுப் பிளவுஸ், கூறைக்குப் போடுறது, நல்ல பட்டு. எனக்கு மத்தியானத்திலிருந்தே தலை பாரம், எண்டாலும் கொப்பியில ‘வெட்டு’ எண்டு கிடக்குதே எண்டு போட்டு சோக் கட்டியை எடுத்துக் கீறி வெட்டினா, ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டுப்பட்டுப் போச்சு. கையை வெட்டேக்க முன்பக்க வளைவு கொஞ்சம் உள்ளுக்குப் போகோணும், துணியைச் சரியா மடிச்சுப் போட்டாத்தான் வலம் இடம் எண்டு வரும். பதினைஞ்சு வயசில பழகின வேலை அது. மிச்சத் துணியும் காணாது. கடைசியில முந்தானைத் துண்டில ஒட்டி எடுத்தன், இரவு ஒரு மணி.

அதுக்குப் பிறகு படுத்துக்கிடந்து யோசிச்சன். வெட்டுறதுக்கு உசார் வேணும். கொக்கி கட்டுறதுக்கு, கரை மடிக்கிறதுக்கு வேண்டாம், பஞ்சி பிடிச்சிருந்தாலும் கை தன்ர பாட்டில செய்யும். அப்ப மணிக்கூட்டைப் பார்க்காம உடம்பைப் பார்த்து வேலையைப் பிரிச்சா என்ன?

யூன் 10, செவ்வாய்

நேற்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். வருசம் முழுக்க நினைச்சுக்கொண்டிருந்து நேற்றுப் போகேல்ல.

அம்மா பக்கத்து வீட்டு அன்ரி ஆக்களோட பஸ்ஸில போட்டா. எனக்குக் காலமையே உடம்பு எழும்பேல்ல, காய்ச்சல் இல்ல, வருத்தம் இல்ல, சும்மா ஒண்டும் இல்லாத ஒரு வெறுமை. முந்தி எண்டா சாமிக் குற்றம் எண்டு பயந்து இழுபட்டுப் போயிருப்பன், சனத்துக்குள்ள நெரிபட்டு எரிச்சலோட திரும்பி வந்திருப்பன். நேற்று ‘ஏலாதம்மா, நீங்க போட்டு வாங்கோ’ எண்டன். அம்மா ஒரு பார்வை பார்த்தா. ஒண்டும் சொல்லேல்ல.

தனிய இருக்கேக்க அந்த விளக்கைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். முல்லைத்தீவுக் கடல்ல தண்ணி எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகரில வைச்சு, எண்ணெய்க்குப் பதிலா அந்த உப்புத்தண்ணியிலயே எரியிற விளக்கு. அம்மம்மா சொல்லேக்க குரலே மாறும். விளக்கெரியிறதைப் பார்க்கப் போகாததுக்குக் கவலை இருந்தது, உண்மையாவே இருந்தது. ஆனா பொய்யாப் போய் நிண்ட கவலை இல்ல.

யூன் 19, வியாழன்

நீளமா எழுதப்போறன்.

விடிய நாலு மணிக்கு முழிப்பு. சோழகக் காத்து முருங்கையைப் போட்டு ஆட்டுது. எழும்பின உடன தெரிஞ்சுது, இண்டைக்கு உசார் இருக்கு எண்டு, அது கால்ல தெரியும் எனக்கு. ஏழு மணிக்குள்ள மூண்டு பிளவுஸ் வெட்டி முடிச்சன், ஒண்டும் பிழைக்கேல்ல. மிச்ச உசாரை என்ன செய்யிறது? ஸ்கூட்டியை எடுத்தன்.

அம்மா: ‘எங்க போறாய்? ஆரோட? எத்தினை மணிக்கு வருவாய்?’

‘தெரியேல்லம்மா, கண்டி றோட்டால போறன்.’

முறிகண்டியில நிப்பாட்டாம ஆர் போறது, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், எனக்கு ஒரு பைக்கற் கச்சான். கோதை உடைச்சுக்கொண்டு நிக்கேக்கதான் வற்றாப்பளை எண்டு மனசில வந்தது. மாங்குளத்தால இடப்பக்கம் திரும்பி, ஒலுமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை. ரெண்டு பக்கமும் காடு, றோட்டில ஆனைப்பிண்டம், வெயில் ஏற ஏற காடு ஒரு காய்ஞ்ச மணம் மணக்கும், அந்த மணத்துக்காகவே இன்னொருக்காப் போகலாம்.

கோயில்ல ஆக்களே இல்ல. ஒரு வயசுபோன அம்மா கூட்டிக்கொண்டு நிண்டா. ‘பொங்கலுக்கு வராம இப்ப வாறியோ பிள்ளை’ எண்டு கேட்டா. ஓம் அம்மா எண்டன். ‘அவவுக்கு எல்லா நாளும் ஒண்டுதான்’ எண்டு சொல்லிப்போட்டுத் தன்ர பாட்டில கூட்டினா. நான் நந்திக்கடல் பக்கமாப் போய் ஒரு மரத்துக்குக் கீழ கனநேரம் இருந்தன். தண்ணி வத்தி, கரையில உப்புப் படிஞ்சு வெள்ளையாக் கிடந்தது.

பேந்து முல்லைத்தீவுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டு, வந்த வழியால வராம புதுக்குடியிருப்பு, பரந்தன் பக்கத்தால வீட்ட போவம் எண்டு வெளிக்கிட்டன். அந்த வழியில வட்டுவாகல் பாலம் வரும். பதிஞ்ச, ஒடுங்கின பழைய பாலம், ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் நந்திக்கடல். பஸ்ஸில எத்தினையோ தரம் கடந்திருக்கிறன், கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரி. ஸ்கூட்டியில கண்ணை மூடேலாதே. 2009 மே மாசம், சண்டை முடியேக்க, அந்தப் பாலத்தால அம்மான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இந்தப் பக்கம் நடந்து வந்தனான், எனக்குப் பதினஞ்சு வயசு. மிச்சத்தை இங்க எழுதேல்ல.

பாலத்துக்கு முன்னால நிப்பாட்டினன். கையில இருந்த உசார் அப்பிடியே இறங்கிப் போச்சு. ஒரு லொறி வந்து எனக்குப் பின்னால நிண்டு ஹோர்ன் அடிச்சுது. வெட்கப்படாம திருப்பினன். வந்த வழியாலயே, சுத்துவழி, பெற்றோலும் கூட.

கற்சிலைமடு தாண்டி றோட்டோரத்தில ஒரு அண்ணை பாலைப்பழம் வைச்சிருந்தார், சுண்டால அளந்து விக்கிறார். மஞ்சள் மணி மாதிரி. ‘இந்தமுறை நல்ல காய்ப்பு, கரடியும் இறங்கித் திரியுது, நாங்கள் ஒராள் மரத்தில எண்டா மூண்டு பேர் கீழ நிக்கிறம்’ எண்டார். கொப்பை வெட்டாம ஆய்ஞ்சதோ எண்டு கேட்டன், உலுப்பித்தான் எடுத்தது எண்டார், சந்தோசமா இருந்தது, சிலபேர் பழத்துக்காக மரத்தையே முறிக்கினம், ஒரு பாலை வளர எத்தினை காலம் வேணும். நாலு சுண்டு வாங்கினன். ஒரு பிடியை அங்கயே தின்ன, பால் பிடிச்சு ரெண்டு சொண்டும் ஒட்டிப்போச்சு. ஆனை இறங்க முன்னம் மாங்குளம் போயிரு தங்கச்சி எண்டு அண்ணை துரத்தினார்.

வீட்ட வர ஆறரை. அம்மா படலையடியில நிண்டா. சொண்டைப் பார்த்துப்போட்டுத் தேங்காயெண்ணெய் கொண்டந்து தானே பூசிவிட்டா.

யூன் 22, ஞாயிறு

மிஞ்சின பழத்தில அம்மா பாணி காய்ச்சிறா. வீடு முழுக்க மணம்.

அடுப்படியில இருந்து கதைச்சம். அம்மா கேட்டா, திட்டம் இல்லாம வெளிக்கிடுறதில உனக்கு என்ன விருப்பம், நாங்கள் திட்டம் இல்லாம வெளிக்கிட்டது காணாதோ எண்டு. அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. உண்மைதான், 2008 கடைசியில கிளிநொச்சியால வெளிக்கிட்டு தருமபுரம், விசுவமடு, மாத்தளன் எண்டு பாயையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினதில எந்தத் திட்டமும் இருக்கேல்ல. அதுக்கு முன்னம் எண்டா வவுனியாவுக்குப் போறதுக்கும் பாஸ், ஓமந்தைச் சோதனைச் சாவடியில கியூ, பையைக் கொட்டு. 2006 ஆவணியில முகமாலைப் பக்கம் றோட்டு பூட்டுப்பட்டாப் பிறகு யாழ்ப்பாணத்தில இருந்த மாமியைப் பார்க்கவே ஏலாமப் போச்சு. இப்ப கிட்டடியில 2022 இலயும் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான்.

நான் சொன்னன், அம்மா அது எங்களைத் துரத்தினது, இது நான் போறது. அப்ப எங்க நிக்கிறது எண்டு நாங்களா முடிவெடுத்தம்? வியாழக்கிழமை பாலத்தடியில நான் திரும்பினனான், ஒருத்தரும் திருப்பேல்ல.

பாலத்தடிக்குப் போனது அம்மாவுக்கு அப்பதான் தெரியும். அகப்பையால கிண்டிக்கொண்டே இருந்தா. கனநேரத்துக்குப் பிறகு, ‘திரும்பினது நல்லது’ எண்டா.

யூன் 27, வெள்ளி

கொக்கி, கொக்கி, கொக்கி. நாலு நாளா உசார் இல்ல. சின்ன வேலையள் எல்லாம் முடிஞ்சுது.

யூலை 2, புதன்

மடு மாதா கோயில் பெருநாள். பரந்தன் பக்கத்தால சனம் பஸ்ஸில போகுது. எனக்கு அங்க மனம் இல்ல, இரணைமடுக் கட்டுக்கு வந்து இருக்கிறன், போன்லதான் இதை அடிக்கிறன், பிழை இருந்தா பொறுங்கோ.

36 அடிக் குளம், இப்ப சிறுபோகத்துக்குத் திறந்து திறந்து நல்லா இறங்கியிருக்கு. வெளிச்சம் வரேக்க முதல் தண்ணி சாம்பலாக் கிடந்து, பிறகு ஒரு கரையில மட்டும் சிவந்து, நீர்க்காகம் ஒண்டு செத்த மரத்தில செட்டையை விரிச்சுக் காயவிடுது. வாய்க்கால்ல தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. வெட்டக் கிடக்கிறது ரெண்டு பிளவுஸ், இண்டைக்கு ஒண்டும் பிழைக்காது எண்டு கை சொல்லுது.

இப்ப அம்மா எடுத்தவ. இரணைமடுவில நிக்கிறன் எண்டன். ஆரோட, எத்தினை மணிக்கு எண்டு கேப்பா எண்டு நானே மறுமொழியோட இருக்க, ‘காத்து எப்பிடி’ எண்டு கேட்டா. நல்ல காத்தம்மா எண்டன்.

‘சரி, வரேக்க ரெண்டு றோஸ் பாண் வாங்கிக்கொண்டு வா, பாணிக்கு நல்லாருக்கும்’ எண்டுபோட்டு வைச்சிட்டா.