முதுகைப் பிரித்தால்தான் பதிப்பு தெரிகிறது

கையில் இருப்பது, வடுவூர் துரைசாமி ஐயங்கார் (இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் துப்பறியும் நாவல்கள் எழுதியவர்) காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்று. ரெண்டு பாகமும் ஒரே பைண்டில். (நாவலின் பெயர் இப்போதைக்கு வேண்டாம், வெளியே தெரிந்தால் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் விலை ஏறிவிடும்.) ரெண்டு பாகத்திலும் தலைப்புப் பக்கம் இல்லை. இப்போதைய நிலவரம்: இரண்டாம் பாகம் முதற் பதிப்பேதான், முதல் பாகம் முதற் பதிப்பு இல்லை. இந்த வகை நாவல்களில் இது சகஜம். முதல் பாகம்தான் முதலில் தீரும். அதை மட்டும் மறுபடி அச்சடித்து, மிச்சம் கிடக்கும் இரண்டாம் பாகத்தோடு சேர்த்து விற்பார்கள். எனவே ‘முதற் பதிப்பு, ரெண்டு பாகமும்’ என்று யாராவது சொன்னால், பாகத்துக்குப் பாகம் தனியாகப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

தலைப்புப் பக்கம் இல்லாததைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி வரி முடிவுதான். அந்தக் காலத்துச் சின்ன அச்சகங்களில் சில பாரங்களுக்கு (பாரம் என்றால் ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களின் தொகுதி) மேல் கோக்க ஈய எழுத்து இருக்காது. ஒரு பாரம் ஓடி முடிந்ததும் எழுத்தைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததைக் கோப்பார்கள். அடுத்த பதிப்பு வந்தால் முதலிலிருந்து கோக்க வேண்டும். கதை ஒன்றாக இருந்தாலும் வரி உடையும் இடம் மாறிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பதிப்பு தெரிந்த ஸ்கேன் கிடைத்தால், ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்தையும் (16 பக்கப் பாரமானால் 1, 17, 33, 49) வரிக்கு வரி ஒப்பிட்டால் போதும். புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ரெண்டு பதிப்புத் தாள்கள் கலந்த பிரதிகளும் உண்டு. பாரத்தின் முதல் பக்கத்தில் அடியில் இருக்கும் பாரம் எண்ணும் உதவும், பைண்டர் ஓரத்தை வெட்டாமல் விட்டிருந்தால். இந்தப் பிரதியில் மூன்று பக்கமும் கத்தி போட்டு எண்ணைப் பாதியாக நறுக்கியிருக்கிறார். அந்தக் கைக்கு என்ன அவசரமோ!

வருஷத்துக்கு வேறு தடயங்கள் உண்டு. ‘சௌமிய வருஷம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது 1909-10ஆகவும் இருக்கலாம், 1969-70ஆகவும் இருக்கலாம். விலை அணாவில் இருந்தால் சந்தேகமே இல்லை, முந்தையதுதான். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. தை, மாசி என்று மாதமும் இருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐம்பதுகளுக்குப் பிந்தைய துப்பறியும் நாவலென்றால் பதிப்பக முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

இனி முதுகு, அதாவது பாரங்களைச் சேர்த்து ஒட்டியிருக்கும் பக்கம். நம் ஊர் பைண்டர்கள் மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். பூச்சி வராது, வாஸ்தவம்தான். ஆனால் துத்தத்தில் இருக்கும் செம்பு, தாளைச் சீக்கிரம் மக்க வைக்கும். பசை பட்ட உள்விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பேறி, திருப்பும்போதே முறிவது இதனால்தான்.

இந்தப் பசையை இளக்க 4 சதவீத மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரில் கலந்தால் கூழாகும் பொடி). 100 மில்லிக்கு 4 கிராம். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை நன்றாகச் சுடவைத்து, பொடியை அதில் கலக்கிவிட்டு, மிச்சத்தைப் பச்சைத் தண்ணீராக ஊற்றி ராத்திரி முழுக்க வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், கலக்கியும் பயனில்லை. புத்தகத்தை முதுகு மேலே இருக்கும்படி பிரஸ்ஸில் இறுக்கி, 2 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசி, பாலித்தீன் தாளால் மூடி 15 நிமிஷம். மதுரை வெயிலில் மூடாமல் விட்டால் ஃபேன் காற்றிலேயே காய்ந்து தோலாகிவிடும். பிறகு எலும்புக் கத்தியால் தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கம் நோக்கி ஒரே திசையில் வழிக்க வேண்டும். மாற்றி வழித்தால் பார முதுகு பிய்ந்துவிடும். ஒரே தடவையில் எல்லாம் வராது, ஈரத்தை ஊறவிட்டு வரவழைக்கலாம் என்று ஆசைப்படவும் கூடாது. தாளுக்குள் ஈரம் ஏறினால் ஓரத்தில் பழுப்புக் கோடு விழும். நடுவில் யாரோ ஃபெவிக்கால் போட்டிருந்தால் இந்த வித்தை பலிக்காது. வெளுத்து ரப்பர் மாதிரி நிற்கும், அவ்வளவுதான்.

பின்னட்டையின் உள்தாளுக்குக் கீழே பழைய மேலட்டை ஒட்டியிருந்தது. பெரிய லாபம் இதுதான்: அணா விலையும், ‘எம்மிடம் கிடைக்கும் நாவல்கள்’ பட்டியலும் அதில் இருக்கின்றன. பட்டியலில் எந்த நாவல் வரை இருக்கிறது என்பதே ஒரு தேதிதான். இதை ஈரம் வைத்து உரிக்கக் கூடாது. சிவப்பு மை கரைகிறதா என்று மூலையில் ஒரு சொட்டு வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்ததில் மை ஊறியது. அதனால் ஸ்ட்ரா போர்டை (பைண்டின் கனத்த அட்டை) பின்பக்கமாக, அடுக்கடுக்காக, உலர்ந்த நிலையிலேயே சர்ஜிக்கல் பிளேடால் உரித்து வருகிறேன். கடைசி ஒரு அடுக்கு வந்ததும் கெட்டியான மெத்தில் செல்லுலோஸை மெல்லிசாகத் தடவினால் போதும். பாதி அட்டை முடிந்திருக்கிறது.

சரக்கு விஷயம்: பிளேடு, ஒற்றுத்தாள், காலிகோ (பைண்டிங் துணி) எல்லாம் மதுரையிலேயே கிடைக்கும். கிழிசல் ஒட்டும் மெல்லிய ஜப்பான் டிஷ்யூவும் மெத்தில் செல்லுலோஸும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு அலமாரிக்குச் சரி. ஏற்கெனவே பூச்சி இருக்கும் புத்தகத்தைக் காற்றை வெளியேற்றிய பாலித்தீன் உறையில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் ரெண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் உறையைப் பிரிக்காமல் விடுங்கள். உடனே பிரித்தால் தாள் வியர்த்து நனையும்.

அடுத்து புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் முதல் பாகத்தை நேரில் ஒப்பிட வேண்டும். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908 பிரதியெல்லாம் கனவுக் கணக்கு, நடேச சாஸ்திரியின் 1894 ‘தானவன்’ அதைவிடப் பெரிய கனவு. இப்போதைக்குத் தேவை, இதே காலத்து நாவல்களின் முதல் பாகம் மட்டும், அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வைத்திருப்பவர்கள் 17, 33ஆம் பக்கங்களை விளிம்போடு படமெடுத்து அனுப்புங்கள். மாற்றிக்கொள்ள என்னிடம் இரண்டாம் பாகங்கள் உபரியாக இருக்கின்றன.