நட்டு முறுக்கியபின் ஒரு மஞ்சள் கோடு

டயர் கடையில் நடக்கும் வேலை, முடிந்த நிமிஷமே கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்லலாம். டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்து, நட்டு முறுக்கி, ஜாக்கியை இறக்கிவிட்டால் கதை வேறு. பஞ்சரை உள்ளே எப்படி ஒட்டினார்கள், வால்வு மாற்றினார்களா, நட்டை எவ்வளவு இறுக்கத்தில் விட்டார்கள் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் டயர் வேலையை நடக்கும்போதே கூட நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பார்ப்பதற்கு எதுவும் மிச்சம் இருக்காது.

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான போல்ட்டை, குறித்த இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் தரும் டார்க் ரெஞ்சால் இறுக்கியதும், போல்ட் தலையில் தொடங்கி அடியில் உள்ள பாகம் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு இழுப்போம். கோடு இல்லாவிட்டால் பாகம் அடுத்த இடத்துக்குப் போகாது. கோடு நடுவில் விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பேனா ஒன்று என் ஸ்விஃப்டிலும் இருக்கிறது. கூடவே காற்று பார்க்கும் கேஜ், டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பரின் பள்ளம், எவ்வளவு ஆழம் என்று அளக்கும் சின்ன கேஜ், ஒரு டார்ச்.

சேலத்தில் அம்மா இருக்கிறார். அங்கே போக 44ஆம் எண் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் சரக்கு லாரி நெருங்கி வர, மழையும் பிடித்துக்கொண்டால், வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே இருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதைப் பொருத்திய கை சரியாகப் பொருத்தியதா என்பது எனக்கு முக்கியம்.

முதலில் நட்டு. பெரும்பாலான கடைகளில் காற்றில் ஓடும் கன்னை வைத்து ஒரே அமுக்கு. ‘டர்ர்ர்’ என்று நின்றதும் வேலை முடிந்தது. அந்தக் கன் எவ்வளவு பலத்தில் இறுக்கியது என்று இயக்கியவருக்கே தெரியாது. கம்ப்ரசரில் காற்று எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து மாறும். தளர்வாக இருந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் கெடுதல்தான். நட்டு மாட்டும் ஸ்டட் இழுபட்டு பலம் இழக்கும். நான்கு நட்டும் ஆளுக்கொரு இறுக்கத்தில் இருந்தால் பிரேக் டிஸ்க் மெல்லக் கோணும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அதிரும். நடுவழியில் ஸ்டெப்னி மாற்ற நேர்ந்தால், வண்டியோடு தந்த ஸ்பேனரில் ஏறி நின்று மிதித்தாலும் நட்டு அசையாது.

சின்னக் கார்களுக்கு இந்த இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கிறது. நல்ல கடையில் முதலில் நட்டைக் கையால் திருகுவார்கள், பிறகு குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிர் நட்டுகளாக இறுக்குவார்கள், வண்டியை இறக்கி டயர் தரையில் பட்டபின் டார்க் ரெஞ்சால் முடிப்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் கடைகளிலும் பல இடங்களில், கன்னால் மூச்சு முட்ட இறுக்கிவிட்டு, மேலே ரெஞ்சை வைத்து ‘டக்’ என்று சத்தம் வரவழைத்துக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தத்தால் தெரிவது, இறுக்கம் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே. இருமடங்கு இறுக்கியிருந்தாலும் அதே ‘டக்’தான் வரும். ரெஞ்சைப் போட்டதும் நட்டு கொஞ்சமாவது நகர்ந்து, அதன்பிறகு சத்தம் வர வேண்டும். நகராமல் சத்தம் வந்தால் கழற்றி மறுபடி இறுக்கச் சொல்வேன். முடிந்ததும் நட்டிலிருந்து ரிம்மின் மேல் வரை என் மஞ்சள் கோடு. அலாய் வீலாக இருந்தால் 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தை இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

பாகலூர் ரோட்டில் நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர் ஆரம்பத்தில், “நம்ம கன்னே கரெக்டா புடிக்கும் மேடம், இத்தனை வருஷமா ஒரு நட்டு கழண்டதில்ல” என்றார். “சரிங்கண்ணா, எனக்காக ஒருவாட்டி ரெஞ்சுல முடிச்சிருங்க” என்று கேட்டுக்கொண்டேன். முகம் சுளிக்காமல் செய்தார். கோடு எதற்கு என்று கேட்டார், சொன்னேன். இப்போது கால்டாக்சிக்காரர்களின் வண்டிகளுக்கு அவரே கோடு போடுகிறார். “நின்னு பாக்குறவங்க வண்டிக்கு வேலை செஞ்சா எனக்கும் தைரியம் மேடம். நாளைக்கு ஏதாச்சும்னா நீங்களே சாட்சி” என்று அவர் சொன்னதில் பெரிய நியாயம் இருக்கிறது. கவனித்துப் பார்த்தால் நல்ல வேலைக்காரருக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் லைனிலும் அப்படித்தான்.

அடுத்து அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இதில்தான் காசு வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் அனுப்புவது எளிது. வண்டியை ஏற்றி, நான்கு சக்கரத்திலும் கிளாம்ப் மாட்டி, திரையில் சிவப்பு எண்களைக் காட்டி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் பச்சையானதும் ஒரு தாளை அச்செடுத்துக் கையில் கொடுப்பார்கள். சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இங்கே மாற்ற முடிவது முன்சக்கரத்தின் டோ ஒன்றைத்தான், அதாவது சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணத்தை. அதை மாற்ற ஒரே வழி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி ராடைத் திருகுவது. அந்த நட்டு அசையாமல் டோ மாறாது.

அதனால் அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் தெரியும் அந்த லாக் நட்டுக்கும் ராடுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவிடுவேன். போன வருஷம், பாகலூர் ரோட்டுக் கடையில் கூட்டமாக இருந்ததால், நெடுஞ்சாலை ஓரத்தில் பளபளவென்று இருந்த வேறொரு கடைக்குப் போனேன். முதல் தாளில் சிவப்பு, கடைசித் தாளில் பச்சை. டார்ச் அடித்துப் பார்த்தால் என் கோடு இரண்டு பக்கமும் அப்படியே நேராக இருக்கிறது. நட்டின் மேல் இருந்த மண்கூட உதிரவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுத் தாளையும் நட்டையும் காட்டினேன். அவர் வேலை செய்த பையனை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் பேசாமல் வண்டியை மறுபடி ஏற்றச் சொன்னார். இந்தமுறை ஸ்பேனர் வெளியே வந்தது.

எண்கள் எப்படிப் பச்சையானது என்று கேட்கலாம். கிளாம்ப் ரிம்மில் சரியாக உட்காராவிட்டாலோ, நடுவில் அசைந்துவிட்டாலோ எண் மாறும். ஸ்டியரிங்கைச் சற்றே திருப்பினாலும் இடது, வலது டோ இரண்டும் மாறும். ஆனால் அப்போது அவற்றின் கூட்டுத்தொகை மாறாது. அதனால் தாளில் நான் முதலில் தேடுவது மொத்த டோவைத்தான். ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டினார்களா, அதற்கு முன் நான்கு டயரிலும் காற்றுச் சரிபார்த்தார்களா, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டில் (ball joint) ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்த்தார்களா என்பதையும் கவனிப்பேன். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு எத்தனை அலைன்மென்ட் செய்தாலும் நிற்காது. இதை முன்கூட்டியே சொல்லி, “முதல்ல பார்ட்ஸ மாத்திட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பும் கடை கிடைத்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

சக்கரம் அதிராமல் சுற்ற ரிம்மில் சின்ன வெயிட் ஒட்டும் பேலன்சிங்கில் பார்க்க அதிகம் இல்லை. பழைய வெயிட்டுகளை முழுக்கப் பிடுங்கிவிட்டுத் தொடங்க வேண்டும். மெஷினில் ரிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து ரிம்முக்கு உள்ள தூரம் மூன்றையும் உங்கள் சக்கரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். முந்தைய வண்டியின் எண்களை அப்படியே விட்டால் வருவது தப்புக் கணக்கு. வெயிட் ஒட்டியபின் இன்னொரு முறை சுற்றவிட்டு இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுவதை நான் பார்த்தாக வேண்டும். ஒரே சக்கரத்துக்கு வெயிட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால், டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி உட்காரவைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புது டயரில் சின்ன மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால், அது டயரின் எடை குறைந்த இடம். அந்தப் புள்ளி வால்வுக்கு நேராக வந்தால் வெயிட் குறைவாகவே தேவைப்படும்.

புது டயர் வாங்கும்போது, ரிம்மில் ஏற்றும் முன்பே தயாரித்த தேதியைப் பார்த்துவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள்தான் அது. 3524 என்றால் 2024ஆம் வருஷம் 35ஆவது வாரம். பல டயர்களில் முழு எண் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை, அளவு, தாங்கும் எடை எல்லாம் ஒப்பிட வேண்டும். என் வண்டிக்கு 165/80 ஆர்14 85டி. இதில் 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்பதைச் சொல்கிறது. டி (T) என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை. “இதே சைஸ்தான் மேடம்” என்று இதைவிடக் குறைந்த எண் உள்ளதை எடுத்து வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் எங்கே போடுவது? இதில் கடைக்காரர்களோடு எனக்குத் தீராத வாக்குவாதம். முன்சக்கரம்தான் இழுக்கிறது, முன்னால்தான் சீக்கிரம் தேய்கிறது, அதனால் புதுசு முன்னால் என்பது அவர்கள் பக்கம். டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஈர ரோட்டில் தேய்ந்த டயர்தான் முதலில் பிடியை விடும். முன்சக்கரம் விட்டால் வண்டி திருப்பிய பக்கம் போகாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் குறைந்து பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. பின்சக்கரம் விட்டால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். பழக்கமான ஓட்டுநருக்கே அதைச் சமாளிப்பது கஷ்டம். தொப்பூர் வளைவில் மழைக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று பாகலூர் ரோட்டு அண்ணனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பின்னால் இருந்த பழைய டயர்களைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டு, புதுசைப் பின்னால் மாட்டினார்.

செகண்ட் ஹேண்ட் டயர் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தைத் தோண்டி, கறுப்புப் பூசி, பட்டன் நிறைய இருப்பதுபோல் விற்கிறார்கள். தோண்டிய ஆழத்துக்கு அடியில் கம்பி வலைக்கு மேல் ரப்பர் கொஞ்சம்தான் மிஞ்சும். பள்ளங்களுக்கு நடுவே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அந்த மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. தோண்டிய டயரில் அந்த மேடுகளையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். மேடே இல்லாத டயரைக் கண்டால் விலை கேட்காமல் நகர்ந்துவிடுங்கள்.

பஞ்சருக்கு வெளியிலிருந்து ஸ்ட்ரிப் குத்துவது வழியில் அவசரத்துக்கு உதவும். ஊர் வந்ததும் டயரைக் கழற்றி, உள்பக்கம் பார்த்து, காளான் வடிவப் பேட்ச் போட்டுக்கொள்வதுதான் சரி. காற்று இறங்கிய டயரில் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் உள்ளே பக்கச்சுவர் அரைபட்டுக் கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்தத் தூள் இருந்தால் அதில் பேட்ச் போட்டுப் பிரயோஜனமில்லை, டயரை மாற்றத்தான் வேண்டும். பக்கச்சுவரில் ஆணி ஏறியிருந்தாலும் அப்படியே. “ஒட்டிக் குடுத்தர்றேன், ஓடும்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சாதாரணக் காற்றுக்குப் பதில் டயரில் நைட்ரஜன் அடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எந்தக் காற்றாக இருந்தாலும், வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது உங்கள் கேஜில் நீங்களே அளந்து பாருங்கள்.

பில்லில் நான்கு டயரின் சீரியல் எண்களையும் எழுதி வாங்கிக்கொள்வேன். டயரில் வீக்கமோ பிளவோ வந்து கம்பெனியிடம் போக வேண்டியிருந்தால் அந்த எண்தான் பேசும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் அண்ணனின் வண்டிக்கு நான்கு டயரும் மாற்றப் போகிறோம். போன தடவை அளந்தபோது முன்னால் 2 மில்லிமீட்டர், பின்னால் 3. கடைக்குப் போன் செய்து, டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, வால்வையும் சேர்த்து மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டேன். இரண்டுக்கும் ஆமாம் என்றார்கள். காலையில் கடை திறந்ததும் முதல் வண்டியாக வரச் சொல்லியிருக்கிறார்கள்.